நாற்பத்தேழாம் எண் அறை

அன்பு மகள் பியூலாவுக்கு,

நான் சொன்னதெல்லாம் அப்படியே நடந்ததா இல்லையா? மீனம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் நீ ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருப்பாய். உன் அம்மா அழாமல் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். உன் சித்தி, காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வந்து என்ன ஏது என்று விசாரிக்கும் அளவுக்கு அழுதிருப்பாள். எடை போடும் இடத்தில் ஒரு பெட்டி கனம் என்று சொல்லி நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுக்க வைத்திருப்பார்கள். உனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்திருக்காது. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு எழுதியது இல்லை. நீ கிளம்புவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, திருமுடிவாக்கம் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் லேத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சந்தேகம் இருந்தால் காகிதத்தைத் திருப்பிப் பார். பின்பக்கம் பட்டறையின் வேலைச் சீட்டு, தேதியோடு இருக்கும். உறையின் மேல் ‘இரண்டாவது விமானத்தில் ஏறிய பிறகு பிரிக்கவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீ முதல் விமானத்திலேயே பிரித்திருப்பாய். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான். பரவாயில்லை. எங்கே பிரித்தாலும் நடுவானத்தில் இறங்க முடியாது.

உனக்கு அப்பா இல்லாத குறை தெரியாமல் வளர்த்தவன் என்று பீர்க்கன்கரணையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் கேட்காவிட்டால் நானே சொல்வேன். எட்டாம் வகுப்பு முழுசும் ஒன்பதாம் வகுப்பு பாதியும் படித்தவன் நான். பாதியில் நின்றபோது தலைமையாசிரியர் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்து ‘இந்தப் பையனை விட்டால் பள்ளிக்கூடத்துக்கே நஷ்டம்’ என்று சொன்னார். இதை நீ நூறு தடவை கேட்டிருப்பாய், ஒவ்வொரு தடவையும் சிரித்திருப்பாய். சிரி. ஆனால் இரும்புத் தகட்டில் பஞ்ச் வைத்து இங்கிலீஷ் எழுத்து அடிப்பதில் இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தக் கை இருப்பதால்தான் இந்த விஷயமே வந்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்லுவதற்குள் கொஞ்சம் சுற்றிவிட்டு வருகிறேன். நேராகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பயப்படுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் திங்கட்கிழமை முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் விலாச நோட்டை நீ பிறந்ததிலிருந்து இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி இல்லை. உனக்கு நாலு வயதாக இருந்தபோது உன் அம்மா, என் அண்ணி, அதை மாட்டினார். உன் அப்பாவைக் கம்பெனியில் மூன்று மாதப் பயிற்சிக்கு விசாகப்பட்டினம் அனுப்பினார்கள். போன முதல் வாரம் ஒரு லாட்ஜின் விலாசம் போட்டு கார்டு எழுதினார். அங்கே தண்ணீர் சரியில்லை என்று வேறு இடத்துக்கு மாறினார். மாறின இடத்தை எழுதவில்லை. எழுதலாம், எழுதலாம் என்று இருந்திருப்பார், அவர் சுபாவம் அது. காய்ச்சல் வந்து படுத்தபோது பக்கத்து அறைக்காரர்களுக்கு நம் விலாசம் தெரியவில்லை, நமக்கு அவர் இருக்கும் இடம் தெரியவில்லை. அண்ணி அனுப்பிய மணியார்டர் ‘ஆள் இல்லை’ என்று திரும்பி வந்த அன்றைக்குத்தான் நான் ரயில் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. இந்தக் கதையை மட்டும் நான் ஒரு போதும் கூட்டிச் சொன்னதில்லை.

அன்றிலிருந்துதான் நோட்டு. வேளச்சேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாலும் எந்தத் தெரு, எந்த வீட்டு எண் என்று எழுதிவிட்டுத்தான் செருப்பைப் போட வேண்டும். நான் கேலி செய்வேன். “அண்ணி, நான் முடிவெட்டப் போறேன், நாற்காலி நம்பர் எழுதணுமா?” என்பேன். “எழுதுங்க தம்பி” என்பார், சிரிக்காமல். நீ கல்லூரியிலிருந்து சுற்றுலா போனபோது தங்கிய சத்திரத்தின் அறை எண்ணைக்கூட வாத்தியாரிடம் கேட்டு வாங்கி எழுதினாயே. அண்ணிக்குக் கடவுள்மேல் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் அவர் ஜெபத்தில்கூட வீட்டு எண் சொல்லித்தான் கேட்பார் என்று நினைக்கிறேன். அந்த நோட்டைப் பார்த்து வளர்ந்த பெண் நீ. உன்னை இவ்வளவு தூரம் அனுப்புகிறோம்.

இப்போது விண்ணப்பத்துக்கு வருகிறேன். உன் பல்கலைக்கழகத்திலிருந்து வேதியியல் துறையில் இடம் என்று கடிதம் வந்த நாளில் நான் தாம்பரம் மார்க்கெட் முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தேன். மீன்காரம்மா உட்பட. பத்து நாள் கழித்து இன்னொரு பழுப்பு உறை வந்தது. வளாகத்துக்குள்ளேயே மேல்படிப்பு மாணவர்கள் தங்கும் விடுதிக்கு விண்ணப்பம். அறைகள் குறைவு, முதலில் வருபவருக்கு முதலில், வெளியே வாடகைக்கு எடுப்பது புதிதாக வருகிறவர்களுக்குச் சிரமம் என்று அதில் போட்டிருந்ததை நீதான் வாசித்துச் சொன்னாய். உனக்கு மறுநாளிலிருந்து கடைசிப் பரீட்சை. “சித்தப்பா, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நீங்க நிரப்பி அனுப்பிடுங்க, உங்க எழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும்” என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்காவுக்குப் போகிற காகிதம், என் கையெழுத்தில்! சிகரெட் பிடிப்பாயா என்று கேட்டிருந்தார்கள், இல்லை என்று இரண்டு கோடு போட்டேன். சீக்கிரம் தூங்குவாயா, நேரம் கழித்துத் தூங்குவாயா என்று கேட்டிருந்தார்கள், நீ தூங்கவே மாட்டாய் என்று எழுத இடம் இல்லை.

அதில் ஒரு கட்டம். பெயரின் கடைசிப் பகுதி, அதாவது நம் வழக்கத்தில் அப்பா பெயர். உன் பாஸ்போர்ட்டில் அங்கே அண்ணன் பெயர் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் அந்தப் பெயரில்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தே, பியூலா, அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். பேனா அங்கே போனதும் ரேஷன் கார்டு ஞாபகம் வந்தது. அண்ணன் போன பிறகு குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் பெயரை மாற்றினோமே, அதில் நீ எனக்குக் கீழே மூன்றாவது வரியில் இருப்பாய். பள்ளிச் சான்றிதழில் நான் இல்லை, பாஸ்போர்ட்டில் இல்லை, கல்லூரிப் புத்தகத்தில் ‘காப்பாளர்’ என்று ஒரு தடவை. ஒரே ஒரு காகிதத்தில் இருந்துவிட்டுப் போகட்டுமே, அதுவும் அவ்வளவு தொலைவில், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு எழுத்தையும் தகட்டில் அடிப்பது மாதிரி அழுத்தி எழுதினேன். உறையை ஒட்டி, கிழக்குத் தாம்பரம் தபால் ஆபீசில் வரிசையில் நின்று, முத்திரை விழுவதை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே நின்றவர்களிடம் என் மகளுக்கு என்றுதான் சொன்னேன்.

ஜூன் போனது. ஜூலை போனது. விசா வந்தது, டிக்கெட் வந்தது, விடுதியிலிருந்து மட்டும் ஒரு வரி இல்லை. நம் தபால்காரர் ஏரிக்கரை திரும்பும்போதே கையை ஆட்டி ‘இல்லை’ என்று காட்டிவிட்டுப் போவார். எனக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் பயம் வந்தது. பட்டறையில் மெஷின் ஓடும்போது அந்தக் கட்டம் கண்ணில் வரும். அங்கே இரண்டு அலுவலகம் என்று வை. ஒன்றில் நீ அண்ணன் மகள், இன்னொன்றில் நீ என் மகள். இரண்டு பேரும் ஒருத்திதான் என்று அவர்களுக்கு யார் சொல்வது? நான் யாரிடமும் சொல்லவில்லை. ‘அமெரிக்காக்காரன் நிதானமாகத்தான் செய்வான், செய்தால் சரியாகச் செய்வான்’ என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து வந்ததும் அண்ணி புடவையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நீ உள்ளே பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாய், கேட்டிருக்க மாட்டாய். நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு “தம்பி, இதுல என்ன எழுதறது?” என்றார்.

“யுனிவர்சிட்டி பேரு எழுதுங்க அண்ணி. அவ்ளோ பெரிய யுனிவர்சிட்டி, தொலைஞ்சா போயிடும்?”

“யுனிவர்சிட்டி தொலையாது. என் பொண்ணு?”

“அண்ணி...”

“உங்க அண்ணனும் கம்பெனி பேரைத்தான் சொல்லிட்டுப் போனார். பெரிய கம்பெனி. எனக்கு ரூம் நம்பர் வேணும். அது இல்லாம அவளை அனுப்ப மாட்டேன். எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் வேலை காலியா இருக்கு, அடுத்த மாசமே சேந்துடலாம். நான் ஹெட்மிஸ்ட்ரெஸ் கிட்ட பேசிட்டேன்.”

கத்தவில்லை. கரும்பலகையில் கணக்கு எழுதுகிற குரல். அந்தக் குரலை மாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஐந்து வருடம் நீ கல்லூரி ஆய்வகத்தில் கையைப் பொசுக்கிக்கொண்டதும், அமெரிக்காவில் சேருவதற்கான பரீட்சைக்கு மின்சார ரயிலில் நின்றபடி படித்ததும், எல்லாம் ஒரு அறை எண்ணில் வந்து நின்றது. அந்த எண் வராமல் போனதற்குக் காரணமான ஆள் எதிரே நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தான். “நாளைக்கே போன் போட்டுக் கேட்டுட்டா போச்சு. என் கிட்ட விடுங்க” என்றேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, அங்கே ஆபீஸ் திறந்திருக்கும் நேரம் பார்த்து, மேற்குத் தாம்பரத்தில் ரவியின் போன் பூத்துக்குப் போனோம். ரவி அண்ணியிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன். இப்போது மூன்று கண்ணாடிக் கூண்டு வைத்து முதலாளி. “டீச்சர், நீங்க உக்காருங்க. சார், நீங்க உள்ள போங்க, நான் போட்டுக் குடுக்கறேன்” என்றான். அண்ணி உட்காரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்தாவது தடவையில் மணி அடித்தது. மறுபக்கம் ஒரு பெண்.

இந்த இடத்தை நான் வீட்டில் எப்படிச் சொன்னேன் என்று உனக்கே தெரியும். நீதான் மூன்று தடவை சொல்லச் சொன்னாய். “ஹலோ மேடம், ஐ ஆம் காலிங் ஃப்ரம் தாம்பரம், மெட்ராஸ், இந்தியா” என்று நான் ஆரம்பித்ததும் மார்கரெட் என்கிற அந்த அம்மாள் ‘உங்கள் இங்கிலீஷ் மிகத் தெளிவாக இருக்கிறது’ என்று சொன்னதும், அண்ணன் பெயர், என் பெயர் இரண்டையும் சொல்லி இரண்டு பெயரும் ஒரே பெண்தான் என்று நான் புரியவைத்ததும், அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஃபைலை எடுத்ததும், உன் அறை மூன்றாவது மாடியில் நாற்பத்தேழாம் எண், ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும், சாவி நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னதும். என் பெயர் எதற்கு என்று நீ கேட்டபோது ‘காப்பாளர் பெயரும் கேப்பாங்கம்மா’ என்று சமாளித்தேன். அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதினேன் என்பதை இந்தக் கடிதத்தில்தான் முதன்முதலில் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து அண்ணி நோட்டை எடுத்தார். நல்ல பேனாவைத் தேடி எடுத்து, உன் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர், மூன்றாவது மாடி, அறை எண் நாற்பத்தேழு என்று எழுதினார். மை காயும் வரைக்கும் விரித்து வைத்திருந்தார். அப்புறம் தனியாக ஒரு சீட்டிலும் எழுதி உன் வேதாகமத்துக்குள் வைத்தார். “ஏரின்னா நம்ம ஏரி மாதிரியா தம்பி?” என்று கேட்டார். இத்தனை வருடத்தில் நான் சொன்னதை நம்பி அண்ணி அதன்மேல் இரண்டாவது கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. எப்போதும் நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியோடு போய்விடுவார். “நம்ம ஏரிய விடப் பெருசு அண்ணி, வாத்தெல்லாம் இருக்குமாம்” என்றேன். அன்றைக்கு அண்ணி சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை.

உனக்குச் சொல்வதற்கு என்னிடம் புத்தி ஒன்றும் பெரிதாக இல்லை. இருந்ததெல்லாம் நீ பத்தாம் வகுப்பு முடிக்கும்போதே தீர்ந்துவிட்டது. ஆனால் தங்க இடம் இல்லாமல் ஒரு ஊரில் போய் இறங்குவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் நான் பம்பாய்க்கு வேலைக்குப் போனதையும், மானேஜர் பங்களாவில் தனி அறை கொடுத்து வைத்திருந்ததையும், காலையில் ஆம்லெட் வந்ததையும் சொல்லியிருக்கிறேன் இல்லையா. ஆம்லெட் வந்தது. பங்களா இல்லை. பதினோரு பேர் இருந்த ஒரு அறை. அதில் ஒரு கட்டில் எனக்கும் இரவு வேலைக்காரர் ஒருவருக்கும் பொது. அவர் எழுந்தால் நான் படுக்கலாம். அவருக்கு விடுமுறை வரும் நாளில் எனக்குக் கட்டில் கிடையாது, அன்றைக்கு முழுவதும் நடப்பேன். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் எங்கேயோ போய்ச் சேருகிற மாதிரி நடப்பார்கள், நான் மட்டும் சும்மா நடப்பேன். அதே ஊரில் நம் தெருக்காரர் ஒருவர் மனைவி மக்களோடு இருந்தார். விலாசம் என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு தடவைகூடப் போய்க் கதவைத் தட்டவில்லை. ‘அவ்வளவு பேசினானே, இப்போது திண்டாடுகிறான்’ என்று ஊரில் சொல்லிவிடுவார்களோ என்று வெட்கம். ஏழு மாதத்தில் உடம்பு கெட்டுத் திரும்பி வந்தேன். வந்து இறங்கிய அன்றைக்கே பங்களா கதையைக் கட்டிவிட்டேன். அந்த வெட்கத்தைத்தான் சொல்கிறேன், பியூலா. அதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விடாதே. உன் நடையில் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது. கல்லூரியில் பணம் கட்ட ஒரு நாள் தாமதமானபோது தோழியிடம் கேட்காமல் வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தாயே, அன்றைக்கே பார்த்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தனசேகர் வந்துவிட்டான். அடுத்த லேத்தில் நிற்பவன், சைதாப்பேட்டைக்காரன், யார் விஷயத்திலும் மூக்கை நுழைப்பான். “இன்னா அண்ணாத்தே, துன்னாம எழுதிகினு கீறே? காதல் கடுதாசியா?” என்றான்.

“என் பொண்ணுக்குடா. நாளைக்கு அமெரிக்கா போறா.”

“அதான் எஸ்டேட்டுல நாய்க்குக் கூடத் தெரியுமே. ரூமு கெட்ச்சுடுச்சுன்னியே, கையெழுத்து போட்டு லெட்டரு வந்துச்சா?”

“போன்ல சொன்னாங்க.”

“போன்லியா?” என்று தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டே என்னைப் பார்த்தான். “தோ பாரு அண்ணாத்தே, நம்ம மேஸ்திரி போன்ல சொன்னாலே நீ நம்ப மாட்டே, சீட்டுல எழுதிக் குடுன்னுவே. அந்தப் பொண்ணு ரெண்டு பொட்டியத் தூக்கிகினு போயி பூட்டுன கதவு முன்னால நின்னா, நீ இங்க குந்திகினு இன்னா பண்ணுவே? லேத்து ஓட்டுவியா?”

“வாய மூடிக்கினு துன்னுடா” என்றேன். அவன் சட்டியின் மூடியில் பாதிச் சோற்றை எடுத்து என் பக்கம் தள்ளினான். நான் தொடவில்லை. அவன் கேட்டதையே நான் நாலு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரியாது, இந்த நாலு நாளில் நான் அந்த ஊரை அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டேன். நீ சனிக்கிழமை சாயங்காலம் போய் இறங்குவாய். அங்கே சனியும் ஞாயிறும் ஆபீஸ் கிடையாது. பெரிய கட்டடம், நீளமான தாழ்வாரம், ஒரு கதவும் திறக்காது. உன்னை விமான நிலையத்திலிருந்து கூட்டிப் போக வருவதாக எழுதியிருந்த அந்த சீனியர் பெண், கோயம்புத்தூர்க்காரி, உன்னைக் கட்டட வாசலில் இறக்கிவிட்டு ‘எந்த ரூம்?’ என்று கேட்பாள். நீ வேதாகமத்தைத் திறந்து சீட்டை எடுப்பாய். ‘நாப்பத்தேழு’ என்பாய். ‘அப்போ நான் வரட்டுமா?’ என்று அவள் காரை எடுப்பாள். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்திவிடுகிறேன். நேற்று கடைந்துகொண்டிருந்த ஒரு தண்டு வீணாகிவிட்டது.

ஆகையால் நான் சொல்வதைக் கவனமாகக் கேள். கதை சொல்கிற சித்தப்பா பேசவில்லை இப்போது. அந்தப் பெண் வந்ததும் காரில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடு: எனக்கு அறை உறுதியாகவில்லை, திங்கட்கிழமை வரைக்கும் உன் அறையில் தரையில் படுத்துக்கொள்கிறேன் என்று. சொல்லும்போது தலையைக் குனியாதே. சித்தி போட்டுக் கொடுத்த பருப்புப் பொடியில் பாதியை அவளுக்குக் கொடு. உன்னை வாசலில் விட்டுவிட்டுப் போக அவளை விடாதே, அவளே போகிறேன் என்றாலும் விடாதே. பெட்டியைவிட்டு நகராதே. அவளிடம் இடம் இல்லை என்றால் வேறு யாரிடம் கேட்கலாம் என்று அவளையே கேள். கேட்பது அசிங்கம் இல்லை. கேட்காமல் நடந்துகொண்டே இருந்தவன் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் திறந்ததும் போ. உன் பெயரைச் சொல், அண்ணன் பெயரைச் சொல், பாஸ்போர்ட்டைக் காட்டு. இல்லை என்பார்கள். பதறாதே. அப்புறம் என் பெயரைச் சொல்லித் தேடச் சொல். எழுத்து எழுத்தாகச் சொல், அவர்கள் வாயில் அது நுழையாது. விண்ணப்பம் நிச்சயமாக அங்கேதான் இருக்கிறது, முத்திரை விழுந்ததை நான் பார்த்தேன். எந்த அலமாரியில் இருந்தாலும் என் பெயருக்குக் கீழேதான் இருக்கும். எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். நேற்றுச் சாயங்காலம் குரோம்பேட்டைக்குப் போய் இரண்டு பெயரையும் எழுதி அவர்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கு மெஷின் கொடுத்த சீட்டு இந்த உறைக்குள் இருக்கிறது, அதையும் காட்டு. யாராவது படித்தார்களா என்று எனக்குத் தெரியாது.

இரண்டு பெயரையும் திங்கட்கிழமையே சொல்லிப் புரியவைத்தவனுக்கு இவ்வளவு எதற்கு என்று இந்நேரம் கேட்டிருப்பாய். நீ படித்த பெண்.

திங்கட்கிழமை விடுதி ஆபீசில் ஒரு பெண் போனை எடுத்தாள், அது நிஜம். பெயரைக் கேட்டாள். நான் பதற்றத்தில் அண்ணன் பெயரை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றாள். என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன், லைன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டபோது பதிவு செய்த குரல்தான் பேசியது. செவ்வாயும் புதனும் போனேன். ஒரு தடவை பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்தார்கள், பாட்டு முடியவேயில்லை. உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் முகத்தில் நிற்கும், அண்ணி பார்த்துவிடுவார், நீ அந்தப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை துடைத்துக்கொண்டிருப்பாய். அதைவிட இது மேல் என்று நினைத்தேன். சரியா தப்பா என்று நீ அங்கே போய் நின்ற பிறகுதான் எனக்குத் தெரியும். உன் விமானம் இறங்குகிற நேரம் பார்த்து அண்ணியிடம் நானே சொல்லிவிடுவேன். நோட்டில் இருப்பதை என் கையாலேயே கோடு போட்டு அடிப்பேன். பக்கத்தில் எழுத இடம் விட்டு வைப்பேன். எந்த இடமாக இருந்தாலும், அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணின் அறைத் தரையாக இருந்தாலும், அதன் எண்ணை முதலில் எழுதி அனுப்பு.

திங்கட்கிழமை நான் போனை வைத்துவிட்டுக் கூண்டை விட்டு வெளியே வந்தபோது அண்ணி “என்ன நம்பர் தம்பி?” என்று கேட்டார். கிடைத்ததா என்று கேட்கவில்லை, நம்பரைத்தான் கேட்டார். பதினாறு வருடமாகத் தினமும் காலையில் பட்டறை வாசலில் நின்று நான் சொல்லும் நம்பர் ஒன்றுதான் என் வாயில் வந்தது. நாற்பத்தேழு என் டோக்கன் நம்பர், கண்ணு.

உன் சித்தப்பா